ஏற்காட்டுக்கு என்று சொல்லவில்லை

எங்கள் பக்கத்தில் டூர் என்றால் வேன் என்று அர்த்தம். முன்னால் வேப்பிலை கட்டி, மேலே அண்டாவும் அடுப்பும் ஏற்றி, பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, மாமன் வீடு என்று எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து பழனிக்கோ திருச்செந்தூருக்கோ போய்வருவது. கணவனும் மனைவியும் மட்டும் தனியாக எங்காவது போய் இருந்துவிட்டு வந்தால் அது டூர் ஆகாது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் ஹனிமூன் என்று கேலி செய்துவிட்டு விட்டுவிடுவார்கள். நான்கைந்து வருடம் ஆனவர்கள் போனால் அதற்கு எங்களிடம் பெயரே இல்லை. பெயர் இல்லாத ஒன்றைச் செய்யப் போய்த்தான் பானுமதி அக்காவின் வாழ்க்கை இப்படி ஆனது.

அவரை எனக்குக் கம்பெனியில்தான் தெரியும். தர்மபுரிக்கு வெளியே இருக்கும் சட்டை தைக்கிற கம்பெனி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நான் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் காலர் தைக்கிற வரிசையில் இருந்தார். இண்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி வேனில் எங்கள் இருவருக்கும் ஒரே சீட். அவர் சொல்லிக் கேட்டதையும், வேனில் மற்றவர்கள் பேசிக் கேட்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது பென்னாகரத்துக்கு அந்தப்புறம், காட்டை ஒட்டிய ஒரு ஊர். அப்பா கிருஷ்ணப்பன் ஆடு மேய்ப்பவர். அக்கா காலேஜ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரபாகர். சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்துத் தக்காளி ஏற்றுகிறவர். மாமனார் அர்ச்சுனனுக்கு மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற நிலம். மாமியார் பாஞ்சாலி. நாத்தனார் அமுதவல்லி பென்னாகரத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். கெட்ட இடமும் இல்லை.

ஆனால் அந்த வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையைக் கணவன் மனைவிக்குக் கொடுத்தார்கள். அந்த அறையில்தான் ராகி மூட்டையும் மஞ்சள் மூட்டையும் அடுக்கியிருந்தன. மூட்டைகள் கதவுக்குப் பின்னால் இருந்ததால் கதவு முழுதாகச் சாத்தாது. மாமியாரின் மாத்திரை டப்பாவும் அங்கே இருந்த பீரோவில்தான். அவர் எந்த நேரமும் "கண்ண மூடிக்கங்க, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். அவருக்கு அது வேடிக்கை.

பிரபாகர் விடியும் முன்பே தக்காளி ஏற்றக் கிளம்பிவிடுவார். அக்கா காலையிலேயே வேன் ஏறிவிடுவார். அக்கா வேலை முடிந்து வரும்போது பிரபாகர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனில் பேசிக்கொண்டவர்கள் அவர்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுப் போனைக் காதில் வைப்பார். அந்தப் பக்கம் தொப்பூரில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் பேசுவார்.

"இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லையா?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். இவர்கள் இருவரும் எப்போது சேர்ந்து இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஏற்காடு எண்ணம் வந்தது காவியாவால். காவியா எங்கள் கம்பெனியில் பட்டன் வைக்கிற பெண். அவள் கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்குப் போய், பனியில் புருசனோடு நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். பின்னால் மரம் கூடத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. பானுமதி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்மளத் தவிர யாருமே இல்லாத மாதிரி இருக்குதுடி" என்றார்.

அன்று முதல் மதிய போன் முழுக்க ஏற்காடுதான். புரட்டாசியில் பேச ஆரம்பித்தார்கள். மார்கழியில் போவது என்று முடிவு செய்தார்கள். மார்கழியில் கல்யாணம் காட்சி எதுவும் இருக்காது, யாரும் கூப்பிடமாட்டார்கள், பனியும் இருக்கும் என்பது அக்காவின் கணக்கு. போனில் ரூம் ரூமாகப் பார்ப்பார். பால்கனி உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"ஏங்க, ரூம்ல ஹீட்டர் இருக்குதாம்."

"குளுருல நடுங்கறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்குப் போவணும்? இங்கியே காத்தால தொட்டித் தண்ணில குளிச்சா ஆவாதா?" ஸ்பீக்கரில் அவர் சொல்வது எனக்கும் கேட்கும்.

"அது வேற குளிரு, இது வேற குளிரு."

"ரெண்டுலயும் பல்லு தந்தியடிக்கத்தான செய்யுது."

"உங்களுக்கு வர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க."

"யாரு சொன்னா? நான் ஸ்வெட்டரே பாத்து வெச்சுட்டேன். உனக்கு ரோஸ் கலரு."

அவரும் ஆசைப்பட்டார். அதை நான் மறைக்கக் கூடாது. அவர் கெட்டவர் இல்லை.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை. "டூர்னு சொன்னா எங்கம்மா, எங்கப்பா, எங்கக்கா வூட்ல நாலு பேரு, பக்கத்து வூட்டுக் குள்ளம்மா பெரிம்மா எல்லாரும் கெளம்பிருவாங்க. என் வண்டிலயே பின்னாடி ஏத்திட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார் பிரபாகர். ஏதாவது யோசிக்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை பிறக்க சில நாட்கள் இருந்தபோது பாஞ்சாலி அம்மா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்கா சமையல்கட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் நீ மாலை போட்டுக்க. குருசாமிகிட்ட சொல்லிட்டேன். மலைக்குப் போயிட்டு வந்தா புள்ள நிக்கும்கிறாரு."

மாலை போட்டால் மண்டலம் முழுக்க விரதம். மனைவி பக்கம் வரக்கூடாது, தனியாகத்தான் படுக்க வேண்டும். மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பும்போது தை பிறந்துவிடும். மார்கழி போச்சு, ஏற்காடு போச்சு.

"இந்த வருசம் வேணாம்மா" என்றார் பிரபாகர்.

"ஏன்டா வேணாம்? சாமிக்குப் போறதுக்கு வேணாம்ங்கறயே, உனக்கு என்ன கேடு?"

"டாக்டர் வேணாம்னுட்டாரு."

"எந்த டாக்டரு?"

அந்த வார்த்தை எப்படித் தன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது என்று பிறகு அக்காவிடம் சொன்னாராம். "சேலத்துலம்மா. புள்ளைக்குப் பாக்கற டாக்டரு. மார்கழில மூணு நாளு வந்து தங்கி டெஸ்ட் எடுக்கணும்னாரு. ரெண்டு பேரும்."

சமையல்கட்டில் அக்கா களித் துடுப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஹாலில் பாஞ்சாலி அம்மாவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"சாமி, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? போயிட்டு வாங்க. நல்லபடியாப் பாத்துட்டு வாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மருமகளுக்கு அவரே சோறு போட்டார்.

மறுநாள் வேனில் அக்கா சிரித்துச் சிரித்து இதைச் சொன்னார். "எங்க மாமியாரே பை எடுத்துக் குடுத்து அனுப்பறாங்கடி ஏற்காட்டுக்கு." அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது. தப்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் என்று சொன்னால் நோய் என்று ஒன்று வேண்டும். நோய் என்றால் அது யாருக்கு என்று ஒரு ஆள் வேண்டும்.

போனார்கள். குட்டி யானையிலேயே போனார்கள். தொப்பூர் மலை இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால் வெகுநேரம் நின்றார்களாம். அந்த நேரம் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டது கூட நன்றாக இருந்தது என்றார் அக்கா. ஏற்காட்டில் விடுதி ஆள் ஆதார் கேட்டான். அக்காவின் ஆதாரில் இன்னும் அப்பா பெயரும் பென்னாகரம் விலாசமும்தான் இருந்தன. அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஹஸ்பண்ட் வைஃபா சார்?"

பிரபாகர் போனில் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டினார். அக்கா தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். அவன் சாவியைக் கொடுத்துவிட்டான். ஆனாலும் மாடிப்படி ஏறும்போது முதுகில் யாரோ பார்க்கிற மாதிரியே இருந்ததாம். எங்கள் ஊரில் 'ரூம் போட்டு இருந்தார்கள்' என்றால் அது ஓடிப்போனவர்களைப் பற்றிச் சொல்வது, கள்ளத்தனமாகப் பழகுகிறவர்களைப் பற்றிச் சொல்வது. தாலி கட்டியவனோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்தும் அக்காவுக்கு அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவு முழுதாகச் சாத்தியது. அது சாத்தியபோது வந்த சத்தத்தை அக்கா எனக்கு வாயால் செய்து காட்டியிருக்கிறார்.

அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் எழுப்ப யாரும் இல்லை, ஜன்னலைத் திறந்தால் பனி அறைக்குள்ளேயே வந்தது, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார்கள், பிரபாகர் தன் சின்ன வயசுக் கதைகளை அங்கேதான் முதல்முறை சொன்னார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் அமுதவல்லி வீடியோ கால் செய்தார். பிரபாகர் முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும்.

"எடுக்கலன்னா ஆஸ்பத்திரி பேரு கேட்டுக்கிட்டு நேர்லயே வந்துரும். சேலம் என்ன அமெரிக்காவா?" என்றார் அவர். சுற்றிலும் பார்த்தார். சுவர் வெள்ளை, போர்வை வெள்ளை. "பானு, நீ படுத்துக்க. கழுத்து வரைக்கும் போத்திக்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அக்கா படுத்துக்கொண்டார். பொட்டை எடுத்துவிட்டு முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டார். போனில் அமுதவல்லியும் அவர் தோளுக்கு மேலே பாஞ்சாலி அம்மாவும் தெரிந்தார்கள். அம்மாவை அதற்காகவே பென்னாகரத்துக்கு வரவழைத்திருந்தார்.

"என்னடா சொன்னாங்க?"

"டெஸ்ட் எடுத்துருக்காங்கம்மா. ஊசி போட்டதுல தூங்கறா."

"பாவம், மூஞ்சியே வெளுத்துப் போச்சு" என்றார் அமுதவல்லி. "பானு, தைரியமா இரு. உனக்கு ஒண்ணும் ஆவாது."

கால் முடிந்ததும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிரபாகர் ஒரு நர்ஸ் மாதிரி நடந்து காட்டினார். அக்கா அந்தப் போர்வைக்குள்ளேயே உருண்டு உருண்டு சிரித்தார்.

திரும்பி வந்த அன்றே வீட்டில் மாற்றம் தெரிந்தது. குள்ளம்மா பெரியம்மா ஏதோ வேரை அரைத்துக் கொண்டுவந்து, "வெறும் வயித்துல குடி கண்ணு, கர்ப்பப்பைக்கு நல்லது" என்றார். பிரபாகருக்கு யாரும் எதுவும் அரைத்துத் தரவில்லை.

"ரிசல்ட் வந்துச்சா? யாருக்குக் கொறை?" என்று பாஞ்சாலி அம்மா மகனிடம் கேட்டார்.

"போவப் போவ சரியாயிரும்னாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கழுவப் போய்விட்டார்.

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. படுத்திருந்தது யார் என்று அமுதவல்லி தன் கண்ணால் பார்த்திருக்கிறாரே. பொங்கலுக்குள் அது பென்னாகரம், இண்டூர் இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. வேனில்கூட ஒரு பெண் அக்காவிடம் மெதுவாக, "நீர்க்கட்டியாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று அக்கா சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், நம்பவில்லை.

தை மாதம் ஒரு பங்காளி வீட்டு வளைகாப்பு. அக்கா வளையல் தட்டை எடுக்கப் போனபோது அமுதவல்லி சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டார். "நீ போயி பந்தியப் பாரு பானு. மருந்து சாப்புடற ஒடம்பு." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அன்பாகச் சொன்னார்கள், என்ன செய்வது என்று அக்கா கேட்டார்.

அன்று மாலை அவர் பிரபாகரிடம் பேசினார். வீட்டில் பேச முடியாது என்பதால் மரவள்ளிக் காட்டுக்கு மோட்டார் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவரையும் வரச்சொன்னார்.

"ஏங்க, உண்மையச் சொல்லிடுங்க. ஏற்காட்டுக்குப் போனோம்னு சொல்லிடுங்க. திட்டுவாங்க, அவ்ளோதான்."

"எப்பிடி பானு சொல்றது? அம்மா அழுது அனுப்பி வெச்சுது. சாமிக்கு மாலை போடாம பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போயி ரூம் போட்டு இருந்தேன்னா? ஊர்ல ஒருத்தன் மதிப்பானா என்ன?"

"என்னய மதிக்கறாங்களா இப்ப?"

"கொஞ்ச நாளு போனா மறந்துருவாங்க."

"சரி, அப்ப நெசமாவே டாக்டர்கிட்டப் போவோம். ரெண்டு பேருமே டெஸ்ட் எடுப்போம். என்ன வருதோ வரட்டும்."

அவர் மோட்டார் கொட்டகையின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றார்.

அக்கா என்னிடம் சொன்னார்: "அப்பதான்டி எனக்குப் புரிஞ்சுது. அவருக்கு அம்மா மேல பயமில்ல. தனக்குக் கொறை இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயம். அதனால கொறை என் பேர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டாரு."

மாசி முடிவதற்குள் அமுதவல்லி ஒரு பேச்சை எடுத்தார். அவர் கணவர் வழியில் ஒரு பெண், அப்பா இல்லாதவள். பானுமதியை யாரும் அனுப்பப் போவதில்லை, அவளும் இருக்கட்டும், இவளும் வரட்டும் என்றார். சட்டம் என்ன சொல்லும் என்று யாரும் யோசிக்கவில்லை. பேசி முடிக்க அக்காவின் அப்பாவை வரச்சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். தன் பெண்ணுக்குக் குறை என்று அவரும் நம்பியிருந்தார். யாரையும் எதிர்த்துப் பேச அவரிடம் ஒன்றும் இல்லை. டீ கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டிய அக்கா போகவில்லை.

"நாங்க ஆஸ்பத்திரிக்கே போவலீங்க அத்தை" என்றார். "ஏற்காட்டுக்குப் போனோம். ரூம் போட்டு இருந்தோம். எனக்கு யாரும் டெஸ்ட் எடுக்கல, ஊசி போடல. எனக்குக் கொறைன்னு எந்த டாக்டரும் சொல்லல."

போனை எடுத்துப் போட்டோக்களைக் காட்டினார். ஏரி, படகு, பனி. பாஞ்சாலி அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு போட்டோவில் பிரபாகர் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை போல. பாஞ்சாலி அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம் கேட்டார்.

"ஏன்டா, நெசமா?"

அவர் ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு சண்டை நடந்திருக்கும், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார்கள், முடிந்திருக்கும். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான்மா மேல போனோம்" என்றார் பிரபாகர். "டாக்டர் கொறைன்னு சொன்னதும் அழுதுகிட்டே இருந்தா. மனசு மாறட்டும்னு ஒரு நாளு கூட்டிக்கிட்டுப் போனேன்."

பாஞ்சாலி அம்மா எழுந்து வந்து மருமகளின் தலையைத் தடவினார். "எதுக்குச் சாமி இப்பிடிப் பொய் சொல்ற? உன்ன யாரு வூட்ட விட்டுப் போவச் சொன்னா?" என்றார். அவர் உண்மையாகவே இரக்கப்பட்டார். அமுதவல்லி, "எம் பெறந்தவனுக்கு எவ்ளோ மனசு பாத்தீங்களா?" என்று கிருஷ்ணப்பனைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா கத்தவில்லை. கத்தினால் அதையும் நோய்க் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டது என்றார். அப்பாவோடு கிளம்பி பஸ் ஏறினார். பஸ்ஸில் அப்பா, "ஏன்மா, நல்ல டாக்டரா வேற யாராவது பாக்கலாமா?" என்று கேட்டாராம்.

அப்பா ஊரிலிருந்து கம்பெனிக்கு வர முடியாது. இப்போது அவர் இண்டூரில், எங்கள் லைன் சூப்பர்வைசர் தெரசா அக்கா வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறார். காலர்தான் தைக்கிறார். முன்னைவிட வேகமாகத் தைக்கிறார். மதிய நேரத்தில் போன் பேசுவதில்லை. டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் வாயை அடைக்கலாம் என்று தெரசா அக்கா ஒருமுறை சொன்னபோது, "எனக்கு மட்டும் எதுக்குங்க? போனது ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் வேலை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரில் குட்டி யானை நின்றிருந்தது. பிரபாகர் இறங்கி வந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துத் தயங்கினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டதால் நான் நகரவில்லை.

"வூட்டுக்கு வா பானு."

"வர்றேன். ஹால்ல எல்லாரும் இருக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. டாக்டர்கிட்டப் போவலன்னு."

"உன்கிட்டத் தப்பு இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு என்னங்க ஆவுது?"

அவர் செருப்பால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இப்பப் போயி சொன்னா எங்கக்கா மூஞ்சில எப்பிடி முழிக்கறது? அந்தப் பொண்ணு வூட்டுக்கு வேற போயிட்டு வந்துட்டாங்க."

"நீங்களும் போனீங்களா?"

"கூப்புட்டாங்க" என்றார்.

அக்கா என் கையை விட்டுவிட்டு வேனில் ஏறினார். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன் சீட்டிலிருந்து ஒரு பெண் திரும்பி, "என்னக்கா, என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"பொண்ணு பாத்துட்டு வந்துட்டாராம்" என்றார் அக்கா. வேன் கிளம்பியது.